கல்சுவரில் படரும் ரோஸ்மேரி: புதிதாக வைப்பவர்களுக்கு

1. நர்சரியில் படரும் ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். இது முழங்கால் உயரத்தைத் தாண்டாது. பக்கவாட்டில் நாலைந்து அடி ஓடும். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள்.

2. நீலகிரியில் மண் சரியாமல் இருக்கக் கல்சுவர் கட்டுகிறோமே, அதன் மேல்விளிம்புதான் இதற்கு வாகான இடம். தண்ணீர் தங்காது, கிளை தானாகத் தொங்கும். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் கட்டாயம் வேண்டும்.

3. இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவுகளில் பிறந்தது. அங்கே கோடை வறண்டு கிடக்கும். நம் மலையிலோ ஜூனில் தொடங்கும் மழை நவம்பர் தாண்டியும் விட்டுவிட்டுப் பெய்யும். வேர் அழுகினாலும் இலை வாடும், தாகத்திலும் வாடும். வாட்டத்தைப் பார்த்துப் பதறி, அழுகும் செடிக்கே மேலும் ஊற்றிவிடுவார்கள். முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

4. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் இதற்கு ஒத்துவராது. மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு டோலமைட் போடுங்கள். களிமண்ணாக இருந்தால் மணலும் சரளையும் தாராளமாகக் கலக்கவும். எருவை அள்ளிக் கொட்டினால் தழை கொழுக்கும், வாசம் குறையும்.

5. பூ ஓய்ந்ததும் கத்தரியுங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். பச்சை இலை இருக்கும் இடத்தோடு கத்தரி நிற்கட்டும். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அநேகமாகத் துளிர்க்காது.

6. இன்னொரு செடிக்குக் காசு செலவழிக்காதீர்கள். தரையில் கிடக்கும் கிளையைத் திருப்பி, அடிப்பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி, மண்மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுக்கலாம்.

7. டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் சாக்கு போர்த்துங்கள். நிமிர்ந்து வளரும் ரகங்கள் அளவுக்குப் படரும் ரகம் குளிர் தாங்காது. வெயில் ஏறியதும் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

8. பூத்திருக்கும்போது மருந்து தெளிக்காதீர்கள். அந்த வெளிர்நீலப் பூவைத் தேடித் தேனீ வரும்.

9. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் மண்தொட்டியில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், நல்ல வெளிச்சம் விழும் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.