கடல் வளர்க்காத கடற்கரை நகரம்

அன்புள்ள கயல்விழிக்கு,

சென்னை இவ்வளவு பெரிய நகரமானது எப்படி என்று கேட்டிருந்தாய். கடல் இருந்ததால் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோழமண்டலக் கரை வளைவு நெளிவில்லாத மணல் கரை; கப்பல் ஒதுங்க இயற்கையான இடம் சென்னையில் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. துறைமுக வேலைக்கு அடிக்கல் நாட்டியதே 1875இல். 1881இல் வந்த புயல் கட்டியதையும் உடைத்துப் போட்டது. அதற்குள் நகரத்துக்கு இருநூறு வயது கடந்துவிட்டது. கடல் தடையாக இருந்தும் வணிகர்கள் இங்கே வந்தது துணிக்காக. 1639இல் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கோட்டை கட்ட அனுமதி வாங்கியபோது, டேயை இழுத்தது இந்தப் பக்கத்தில் மலிவாகக் கிடைத்த நல்ல பருத்தித் துணி. பிறகு 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள்.

கோட்டையும் ஆங்கிலேயர் ஆட்சியும் இல்லாவிட்டால் இந்த நகரம் ஏது என்று நீ கேட்கலாம். ஆட்சியின் பங்கை நான் மறுக்கவில்லை. மாகாணத் தலைநகரானது சென்னைக்குப் பெரிய பலம். ஆனால் கோட்டை மட்டும் நகரத்தை உண்டாக்கிவிடாது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் தரங்கம்பாடியில் டேனியர்களும் சென்னைக்கு முன்பே கோட்டை கட்டினார்கள். இரண்டுமே இன்றும் சிற்றூர்கள்தான்.

நெசவாளியும் வணிகனும் சிப்பாயும் வந்து குவிந்தால் அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும். இங்கேதான் இந்தக் கரையின் உண்மையான குணம் தெரிகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் ஆறுகள் மணலாகக் கிடக்கும். நிலமோ ஏறக்குறையத் தட்டை. வந்த நீரைத் தேக்கினால்தான் உண்டு என்பதால், ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும்படி நம் முன்னோர் சங்கிலியாக ஏரிகளை வெட்டினார்கள். அந்த நீரில் வயல் விளைந்து ஊர்கள் வளர்ந்தன. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் எழும்பூரும் கோட்டைக்கு மூத்த ஊர்கள். சென்னை ஒரே மையத்திலிருந்து பரவிய நகரமன்று, இப்படிப்பட்ட ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருவானது. இன்றைக்கும் அவற்றுக்குத் தனித்தனிக் கோயிலும் தேரும் கடைத்தெருவும் இருப்பது அதனால்தான்.

ஊர்களை இணைத்த நகரம் அவற்றின் ஏரிகளைக் காப்பாற்றவில்லை. மாம்பலம் ஏரியை வடித்து 1920களில் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பெருகிய மக்களுக்கு வீடு வேண்டாமா என்பது நியாயமான கேள்விதான். வேண்டும். ஆனால் வயல் போனாலும் ஏரியின் வேலை போய்விடவில்லை. மழை அதே மூன்று மாதத்தில்தான் பெய்கிறது, நிலத்தின் சரிவும் மாறவில்லை. 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியது. 2019 கோடையில் செங்குன்றம், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு, அதன்பின் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும் வந்ததற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்துவிட்டனவே என்று இன்னொரு வாதமும் உண்டு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் முதலில் அமைந்தவை நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் வீதம் தரும்படி கட்டப்பட்டவை. வறட்சியில் அவை பெரிய உதவி. ஆனால் அவற்றுக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். அதைவிட முக்கியமாக, கடல்நீர் நிலையம் தாகத்தைத் தீர்க்குமே தவிர, ஐப்பசி மழையைத் தாங்கி வைக்காது. அந்த வேலையை ஏரியும் சதுப்பு நிலமும்தான் செய்யும்.

நகரமைப்பு படிக்கப் போகிறவள் நீ. சென்னையில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பழைய வரைபடம் ஒன்றையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். தண்ணீர் வந்த வழிகளில் இப்போது என்ன நிற்கிறது என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா