இடைவழியில் ஓர் இரவு

நுழையும்முன்

மாணவர்களே! பெற்றோரின் பணியிட மாற்றத்தால் தொலைதூர நகரங்களில் வாழும் உங்களுள் பலர், விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது ஒரே வானூர்தியில் சென்று சேர இயலுவதில்லை. இடையில் ஒரு நகரில் இறங்கி, இரவு தங்கி, மறுநாள் வேறொரு வானூர்தியில் ஏற நேரிடும். அத்தகைய ஓர் இரவில் தமிழாசிரியர் ஒருவர் பெற்ற பட்டறிவை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

லே நகரிலுள்ள மத்தியப் பள்ளியில் பணியேற்குமாறு எனக்கு ஆணை வந்தது ஒரு மார்ச்சுத் திங்களின் இறுதியில். லடாக்கிலுள்ள லே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. சென்னையிலிருந்து தில்லி சென்று, அங்கிருந்து வேறொரு வானூர்தியில் லே செல்வதென முடிவு செய்தேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட வானூர்தி இரவு ஒன்பதரை மணிக்குத் தில்லியை அடைந்தது. லே செல்லும் வானூர்தியோ மறுநாள் காலை ஆறு மணிக்கு. அன்றிரவே ஏன் செல்லக்கூடாது என்று நீங்கள் வினவலாம். லே வானூர்தி நிலையம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. உயரம் மிகுந்த இடமாதலால் அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறஏற அது மேலும் குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைகள் பெறும் தூக்குவிசையும் பொறியின் ஆற்றலும் குறைந்துவிடும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் பலத்த காற்றும் வீசும். எனவே, பயணிகள் வானூர்திகள் பெரும்பாலும் முற்பகலிலேயே அங்கு வந்து திரும்புகின்றன. தெற்கிலிருந்து செல்வோர் தில்லியில் ஓர் இரவைக் கழிக்க நேர்வது இதனால்தான்.

செலவு குறையும் என்றெண்ணி, இரண்டு பயணச்சீட்டுகளையும் தனித்தனியே வாங்கியிருந்தேன். சென்னையில் பெட்டியை ஒப்படைத்தபோது, "இது நேரே லேவுக்குச் சென்றுவிடுமா?" என்று கேட்க நினைத்தேன். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. 'இதுகூடத் தெரியாதவரா?' என்று எண்ணிவிடுவார்களோ என்னும் கூச்சம் நாவைக் கட்டியது. போர்டிங் பாசின் பின்புறம் ஒட்டித் தந்த சிறுசீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை.

தில்லியில் இறங்கியதும், கைப்பையுடன் வெளியே வந்து, நிலையத்திற்கு அருகிலுள்ள மகிபால்பூருக்கு வாடகை மகிழுந்தில் சென்றேன். நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக விடுதிகள். அவற்றுள் சிறியதொன்றில் முன்பதிவு செய்திருந்தேன். வரவேற்பு மேசையில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் இருந்தார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்றார்.

"காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் சார்?" என்று இந்தியில் கேட்டார்.

"மூன்றரை மணிக்கு. ஆறு மணிக்கு லே செல்ல வேண்டும்" என்று, தெரிந்த இந்தியில் தட்டுத்தடுமாறிக் கூறினேன்.

அவர் என் கைப்பையைப் பார்த்தார். "லேயில் கடுங்குளிராயிற்றே! குளிருடை எங்கே சார்?"

"பெட்டியில் இருக்கிறது. பெட்டி வானூர்தியிலேயே வந்துவிடும்."

"அந்தச் சீட்டைக் காட்டுங்கள்" என்று கைநீட்டினார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைப் படித்தவர், ஒன்றும் கூறாமல் என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். டி, இ, எல் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தன. தில்லியைக் குறிக்கும் எழுத்துகள் அவை. என் பெட்டி தில்லி வரைதான் வரும். அதை நான்தான் எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டும்.

நெஞ்சு படபடத்தது. அப்பெட்டியில் குளிருடை மட்டுமா இருந்தது? என் பட்டச் சான்றிதழ்களின் மூலப்படிகளும் பணியாணையும் அதில்தான் இருந்தன. மறுநாளே பணியேற்பதற்குக் கெடு. சான்றிதழ் இன்றிச் சென்றால் பணியில் சேர இயலாது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பணி அது.

இளைஞர் பதறவில்லை. தமக்குத் தெரிந்த மகிழுந்து ஓட்டுநரை அழைத்தார். "எந்த முனையத்தில் இறங்கினீர்கள்? அங்கேயே செல்லுங்கள். தில்லியில் முனையங்கள் பல. மாறிச் சென்றால் நேரம் வீணாகும்" என்று எச்சரித்தார். சீட்டைக் கிழியாமல் வைத்துக்கொள்ளுமாறும் கூறினார்.

முனையத்தின் வருகை வாயிலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் என்னைத் தடுத்தார். வெளியேறிய பயணி மீண்டும் அவ்வழியே உள்ளே செல்ல விதி இடந்தராது. நான் சீட்டைக் காட்டி நிலைமையைக் கூறினேன். வானூர்தி நிறுவனத்தின் முகப்பிடத்தை அவர் சுட்டிக்காட்டினார். அங்கிருந்த பெண் ஊழியர் சீட்டிலிருந்த எண்ணையும் என் அடையாள அட்டையையும் சரிபார்த்து, உள்ளே தொலைபேசியில் பேசினார். சுழல்பட்டையில் எவரும் எடுக்காமல் நின்ற பெட்டியை, பணியாளர்கள் தனியே எடுத்து வைத்திருந்தனர். ஒரு மணி நேரக் காத்திருப்புக்குப் பின் அது என் கைக்கு வந்தது. அங்கேயே திறந்து, சான்றிதழ்களைத் தொட்டுப் பார்த்த பின்னரே எனக்கு மூச்சு வந்தது.

விடுதிக்குத் திரும்பியபோது நள்ளிரவு கடந்திருந்தது. "இரவு ஏதேனும் உண்டீர்களா சார்?" என்று கேட்டார் அவ்விளைஞர். நான் விடை கூறும் முன்பே, தம் உணவுப் பெட்டியிலிருந்து இரண்டு சப்பாத்திகளையும் சூடான தேநீரையும் கொண்டுவந்து வைத்தார். நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை, பனி படர்ந்த மலைமுகடுகளைக் கடந்து லேயில் இறங்கினேன். பள்ளி முதல்வர் சான்றிதழ்களைச் சரிபார்த்தார், பணியேற்றேன். உடல் அவ்வுயரத்திற்குப் பழக வேண்டும் என்பதால், இரண்டு நாள் ஓய்வெடுக்குமாறு அனுப்பி வைத்தார். படுத்திருந்தபோது ஒன்றை எண்ணிப் பார்த்தேன். நாள்தோறும் மாணவர்களிடம் "படியுங்கள், ஐயம் இருந்தால் கேளுங்கள்" என்று கூறும் நான், சட்டைப்பையிலிருந்த மூன்றெழுத்தைப் படிக்கவில்லை. நாவில் வந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. என்னைக் காத்தவை முன்பின் அறியாத ஓர் இளைஞர் கேட்ட கேள்விகள்.

குளிர்கால விடுமுறையில் ஊர் திரும்பும்போது, லடாக்கின் உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழங்களை வாங்கிக்கொண்டு அதே விடுதிக்குச் சென்றேன். அவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டதாகக் கூறினர். மேசையில் இருந்த புதிய இளைஞரிடம் அப்பழங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தெரிந்து தெளிவோம்

பயணிகள் வானூர்தி நிலையங்களுக்குப் பெரும்பாலும் மூன்று ஆங்கில எழுத்துகளாலான குறியீடு உண்டு. சென்னையின் குறியீடு எம்.ஏ.ஏ. மதராஸ் என்னும் பழைய பெயரை இது நினைவூட்டுகிறது. 1996இல் ஊரின் பெயர் சென்னை என மாறியபோதும் குறியீடு மாறவில்லை. மும்பையின் குறியீடு பி.ஓ.எம். இது பம்பாய் என்னும் பெயரிலிருந்து வந்தது. லேயின் குறியீடு ஐ.எக்ஸ்.எல்.

பயணம் செய்வோர் நினைவில் கொள்க

1. பெட்டி எந்த ஊர்வரை செல்லும் என்று முதல் நிலையத்திலேயே கேட்டறிக. சீட்டைப் படித்துப் பார்க்க.
2. சான்றிதழ், மருந்து, பணம் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்க.
3. அடுத்த வானூர்தி எந்த முனையத்திலிருந்து புறப்படும் என்பதை முன்னிரவே உறுதி செய்க.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
கெடு – குறித்த கால எல்லை
மூலப்படி – அசல்
முகடு – உச்சி
முனையம் – பயணிகள் ஏறி இறங்கும் கட்டடம்

இலக்கணம்: வினா வகை

வினா ஆறு வகைப்படும்.

அறிவினா – தான் அறிந்ததைப் பிறர் அறிவாரா எனக் காணக் கேட்பது.
அறியாவினா – தான் அறியாததை அறியக் கேட்பது.
ஐயவினா – இதுவா, அதுவா என்னும் ஐயம் நீங்கக் கேட்பது.
கொளல்வினா – ஒன்றைப் பெறும்பொருட்டுக் கேட்பது.
கொடைவினா – ஒன்றைக் கொடுக்கும்பொருட்டுக் கேட்பது.
ஏவல்வினா – ஒரு செயலைச் செய்ய ஏவும்பொருட்டுக் கேட்பது.

மதிப்பீடு

அ. பின்வரும் வினாக்களின் வகையை எழுதுக.
1. "காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும்?"
2. "இரவு ஏதேனும் உண்டீர்களா?" (உணவு கொடுக்க எண்ணியவர் கேட்டது)
3. "பெட்டி தில்லியில் உள்ளதா, லேவுக்குச் சென்றுவிட்டதா?"

ஆ. குறுவினா
1. லேவுக்கு வானூர்திகள் முற்பகலிலேயே செல்வது ஏன்?
2. ஆசிரியர் சென்னையில் கேட்க நினைத்த வினா யாது? அதைக் கேட்காமல் விட்டது ஏன்?

இ. சிறுவினா
1. விடுதி இளைஞர் ஆசிரியருக்குச் செய்த உதவிகளைத் தொகுத்து எழுதுக.
2. ஆசிரியர் பழங்களைப் புதிய இளைஞரிடம் கொடுத்தது பற்றி உம் கருத்து யாது?

கற்பவை கற்றபின்

நீங்கள் கேட்கத் தயங்கி இடர்ப்பட்ட நிகழ்வு ஒன்றை வகுப்பில் பகிர்க. அன்று நீங்கள் கேட்டிருக்க வேண்டிய வினாவை ஒரே தொடரில் எழுதுக.