ஆறு அங்குல ஆளுக்கு ஒரு தெரு

ஸ்டாப் மோஷன் படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். நான் செட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். கைகால் மடங்கும் ஆக்‌ஷன் ஃபிகர் வீட்டில் இருந்தால் நடிகர் தயார். கேமராவுக்கு போன் போதும். நடிகர் நடமாட நம்பும்படியான ஓர் இடம்தான் வேண்டும். சென்னையை அடுத்த நூம்பலில் என் வீட்டு மாடி அறையில், அக்கம்பக்கத் தெருக்களைப் பார்த்து டீக்கடையும் பெட்டிக்கடையும் உள்ள ஒரு தெருவைக் கட்டிப் படமெடுத்து வருகிறேன். அதில் கற்றவற்றைச் சொல்கிறேன்.

அளவு

கடைகளில் அதிகம் கிடைக்கும் பொம்மை 6 அங்குல உயரம். ஆறடி ஆள் 6 அங்குலம் என்றால், ஓர் அடிக்கு ஓர் அங்குலம். கணக்கு அவ்வளவுதான். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். 7 அடிக் கதவு 7 அங்குலம். ஒன்றரை அடி பெஞ்சு ஒன்றரை அங்குலம். 3 அங்குல டீ கிளாஸ் கால் அங்குலம். கண்மதிப்பில் செய்தால் கிளாஸ் வாளி அளவுக்கு வந்துவிடும்.

கேமராவும் கையும்

கட்டுவதற்கு முன்பே கேமராவின் இடத்தை முடிவு செய்யுங்கள். லென்ஸ் பொம்மையின் கண்மட்டத்தில் இருந்தால் அது ஆளாகத் தெரியும். மேலிருந்து எடுத்தால் பொம்மையாகவே தெரியும். ஃபிரேமுக்குள் வராத சுவரைக் கட்ட வேண்டாம்.

கொலுவில் பார்க் கட்டிப் பழகிய வீடுகளுக்கு இந்த வேலை புதிதில்லை. ஆனால் கொலு பொம்மையை வைத்தபின் தொட மாட்டோம். இங்கே தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விநாடிக்கு 12 படம் என்று வைத்தாலும் 10 விநாடிக் காட்சிக்கு 120 படம். ஒவ்வொன்றுக்கும் கை உள்ளே போய் வர வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.

தெருவின் தோல்

தார் ரோட்டுக்கு நான் பயன்படுத்துவது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு உப்புத்தாள், 60 நம்பர். அதன் சொரசொரப்பு இந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தும். தாள்கள் சேரும் இடத்தில் ஃபெவிகால் தடவி, டீ வடிகட்டியில் சலித்த எம்-சாண்டைத் தூவினால் ஒட்டு தெரியாது. சலிக்காத மணல் படத்தில் ஜல்லியாகத் தெரியும். ரோட்டின் ஓரத்தில் உலர்ந்த பிரஷால் காவி நிறத்தை லேசாகத் தேய்த்தால் எங்கள் தெருப் புழுதி வந்துவிடும். மின்கம்பிக்குக் கறுப்புத் தையல் நூல், தண்ணீர் டேங்குக்கு மருந்து பாட்டில் மூடி.

தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் கரையும். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்தான் சரி. மழைக்காலத்தில் அட்டைச் சுவர் ஈரத்தில் வளையும். இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்தால் நிமிர்ந்து நிற்கும். அட்டைக்கும் காகிதத்துக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு, எல்இடிக்கும் ஒயருக்கும் ரிச்சி தெரு.

அசையக் கூடாதவை

ராஜா ஹரிச்சந்திரா (1913) எடுப்பதற்கு முன், தாதாசாகேப் பால்கே தொட்டியில் ஒரு பட்டாணிச் செடி வளர்வதை ஒரு மாதத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்தார். செடி மட்டும்தான் மாற வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். நமக்கும் அதே விதிதான்.

செட்டின் அடித்தளம் 18 மி.மீ. பிளைவுட், அதை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். டிரைபாட் கால்களைத் தரையோடு டேப்பால் ஒட்டுங்கள். ரோட்டுக்கு அடியில் இரும்புத் தகடும் பொம்மையின் பாதத்தில் சிறு காந்தமும் இருந்தால் ஒற்றைக் காலிலும் நிற்கும்.

ஜன்னலை மூடி விளக்கு வெளிச்சத்திலேயே எடுங்கள். மேகம் வந்து போனாலே படம் மினுக்கும். ஃபேனை நிறுத்துங்கள். போனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்யுங்கள். அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்; வெள்ளைச் சட்டையின் வெளிச்சம் செட்டின் மேல் விழும்.

முதல் படத்துக்கு ஒரு சுவர், ஒரு பெஞ்சு, பத்து விநாடி போதும். கோட்டையும் விண்கலமும் கட்ட உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். திருவேற்காடு போகும் ஷேர் ஆட்டோவையும் கோலம் போட்ட வாசலையும் நாம்தான் கட்ட வேண்டும். உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள்.