கரட்டுப் பாதையில் நடக்கும்போது

தோழியரே! நம் தருமபுரி மாவட்டத்துக் கரடுகளை நீங்கள் அறிவீர்கள். நிழல் தரும் மரம் குறைவு. பாறையும் முட்புதரும் காய்ந்த புல்லுமே மிகுதி. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறிச் சென்றன. இத்தகைய பாதைகளில் பொழுதுபோக்காக நடப்போர் சிலர். பிழைப்புக்காக நடப்போரே பலர்.

வெயிலுக்கு முன் புறப்பட்டு, உச்சிப் பொழுதுக்குள் இறங்கிவிட வேண்டும். உப்பிட்ட நீர்மோர் கையில் இருப்பது நலம். கோடை மழைக் காலத்தில் மின்னலைக் கண்ட மூன்றாம் வினாடியில் இடி கேட்டால், மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில்தான் விழுந்தது என்று அறிக. அப்போது கரட்டின் உச்சியிலோ தனி மரத்தடியிலோ நிற்கலாகாது.

இனி யானை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. யானைக்குப் பார்வை மந்தம். மோப்பமோ மிகக் கூர்மை. ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிக் காற்றின் திசையை அறியலாம். காற்று நம் முதுகுப்புறமிருந்து வீசினால் நம் வாடை முந்திச் செல்லும். யானை பெரும்பாலும் விலகிவிடும். எதிர்காற்றில் நடந்தாலோ இருவரும் திடீரெனச் சந்திக்க நேரும்! ஈரம் காயாத சாணத்தைக் கண்டால் வந்த வழியே திரும்புவதே அறிவுடைமை. யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் விரையும். சரிவில் அது இறங்காது என்பாரை நம்பாதீர்கள்.

குறுக்கு வழியென்று தோட்டத்து வேலியையும் தாண்டக் கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மடிந்தன. இரு குட்டிகள் மட்டும் தப்பின. யானையையே சாய்க்கும் கம்பி நம்மை விடுமா?

கரையான் புற்று புதிதாகத் தோண்டப்பட்டிருந்தால் கரடி அருகில் இருக்கலாம். புற்றில் முகம் புதைத்திருக்கும் கரடிக்குக் காலடி ஓசை கேட்காது; ஆதலால் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். (எப்போதும் மௌனம் காக்கச் சொல்லும் எங்கள் சிஸ்டர்கள்கூட இங்கே தடுக்கமாட்டார்கள்!)

எல்லாவற்றிலும் கொடியது புல்தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தனர். அவர்களுள் இளம்பெண்களும் இருந்தனர். தீயின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுவதால், அது சரிவில் ஏறும்போது வேகம் கூடும். எனவே மேல்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறையையோ எரிந்து ஆறிய தரையையோ அடைய வேண்டும். அந்த ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. எந்த வழியாய்ப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும்.