திறந்தவெளி விழாவில் ஒலிபெருக்கிச் சாமானைக் காப்பது எப்படி?

நம்மில் பலருக்கு மன்னார், வவுனியாப் பக்கம் சொந்தக்காரர் உண்டு. அங்கே நானாட்டான் போன்ற ஊர்களுக்கு நத்தார் மாரிகாலத்தில்தான் வருகிறது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளி, ஈர நிலம், கிட்டக் கடல் என்பதால் காற்றிலும் உப்பு. 1964 டிசம்பர் 22, 23இல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் அடித்த புயல் நத்தாருக்கு முந்திய நாட்களில்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பொருந்தும் பாடம், மழையும் மூடுபனியும் உள்ள நமது தோட்டத்துக்கும் பொருந்தும்.

ஒலிபெருக்கி செட் என்பது லயம் லயமாகப் போய்ச் சேர்த்த காசு. அதைவிடப் பெரியது மைக் பிடிப்பவரின் உயிர். 1972 மே 3ஆம் திகதி பிரித்தானியாவின் ஸ்வான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். மண்டபத்துக்குள்ளேயே அப்படியென்றால், ஈரத்தரையில் வெறுங்காலோடு ஆடிப்பாடும் நம்ம பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. மின்சாரம்: நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ட்ரிப் சுவிட்சும் ஏர்த்தும் உள்ள இடத்திலிருந்தே லைன் எடுக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள். கம்பி வைத்துக் கட்டி ஓட்டவே கூடாது. வயர் மூட்டுகள் நிலத்தில் கிடக்காமல் உயரத்தில் இருக்கட்டும்.

2. ஜெனரேட்டர்: முதலில் அதை ஓடவிட்டு, ஓட்டம் சீரான பிறகே செட்டைப் போடுங்கள். அம்ப்பைக் கடைசியாகப் போட்டு, முதலாவதாக நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் 'டப்' என்ற அடியில் ஸ்பீக்கர் பழுதாகும்.

3. மழையும் பனியும்: அம்ப், மிக்சர் எல்லாவற்றையும் பலகை போட்டு ஒரு அடியாவது உயர்த்தி, கூரைக்குக் கீழே வையுங்கள். தறப்பாள் கையோடு இருக்கட்டும். ஆனால் ஓடுகிற அம்ப்பை இறுக மூடக்கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் எரிந்துவிடும். மழை வந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, பிறகு மூடுங்கள்.

4. காற்றும் இடியும்: ஸ்டாண்டில் ஏற்றிய ஸ்பீக்கரைக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். இடிச்சத்தம் கேட்டாலே பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆட்களைக் கட்டிடத்துக்குள் அனுப்புங்கள். பாட்டு பிறகும் பாடலாம்.

5. விழா முடிந்த பின்: உப்பும் ஈரமும் பிளக் முனையைத் துருப்பிடிக்க வைக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, வயரை முறுக்காமல் சுற்றி வையுங்கள். நனைந்த சாமானை 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று உடனே போட்டுப் பார்க்காதீர்கள். நன்றாகக் காயவிட்டு, தெரிந்தவரிடம் காட்டிய பிறகே பாவியுங்கள்.

விழாவுக்கு முன்பே இளைஞர் கழகத்தார் கூடி, மழை வந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துபவர் யார், தறப்பாளைப் பிடிப்பவர் யார் என்று ஆள்பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். எல்லாருடைய வேலை என்று விட்டால் அது ஒருவருடைய வேலையும் இல்லை.