கல்லாவில் இருப்பதெல்லாம் லாபம் அல்ல

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் போட்டால் மாதம் ஐம்பதாயிரம் நிச்சயம், ஆறே மாதத்தில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும்." வேலை தேடும் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லி உசுப்பேற்றுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சொல்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நம்பி அம்மாவின் நகையை அடகு வைப்பவருக்குத்தான் நஷ்டம். கணக்கு எழுதாமல் கல்லாவை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு அந்த ஐம்பதாயிரம் மெய்யாகவே இருப்பதுபோலத் தெரியும். அதனால்தான் இந்தப் பேச்சு இன்னும் சாகாமல் இருக்கிறது.

தாலுகா தலைமையிடத்தில் சுமாரான ஒரு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் நான்கு, 1,20,000 ரூபாய், பழைய ஜெராக்ஸ் மெஷின் 70,000, கலர் பிரிண்டர் 15,000, யு.பி.எஸ்., பேட்டரி 30,000. மேசை, நாற்காலி, வயரிங், போர்டு 35,000. ஆக 2,70,000. கடை அட்வான்ஸ் 80,000 சேர்த்தால் மூன்றரை லட்சம். மாதச் செலவில் வாடகை 8,000, உதவிக்கு ஓர் ஆள் 9,000, பேப்பர், டோனர், சர்வீஸ் 6,000, இ.பி. பில் 3,000, நெட் 1,000, மொத்தம் 27,000. வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் கடைக்குக் கிடையாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தினமும் கல்லாவில் 3,000 விழுகிறது, மாதம் 26 நாள் கடை திறக்கிறது என்று வைத்தால் 78,000. அதில் 27,000 போக மீதி 51,000. ஐம்பதாயிரம் பிறக்கிற இடம் இதுதான்.

அந்த 3,000 யாருடைய பணம் என்று ஒருவரும் கேட்பதில்லை. குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க ஒருவர் வருகிறார். ஒருமுறைப் பதிவுக்கு 150, தேர்வுக்கு 100, ஆக 250 ரூபாயைக் கடைக்காரர் தன் வங்கிக் கணக்கிலிருந்து தேர்வாணையத்துக்குக் கட்டிவிட்டு, வந்தவரிடம் 330 ரூபாயை ரொக்கமாக வாங்குகிறார். கடையின் வருமானம் 80 ரூபாய் மட்டுமே. போட்டோவையும் கையெழுத்தையும் ஸ்கேன் செய்து, கேட்ட கேபி அளவுக்குச் சுருக்கி, ஓ.டி.பி. வரும்வரை காத்திருந்து, பிறந்த தேதியையும் சாதிப் பிரிவையும் இரண்டு முறை சரிபார்த்து, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் அரை மணி நேர வேலைக்கு அந்த 80. மின்கட்டணம், ரயில் டிக்கெட், ரீசார்ஜ் எல்லாவற்றிலும் இதே கதைதான். கல்லாவில் பாதி இப்படிக் கைமாறும் பணம் என்றால் உண்மையான வரவு 39,000. செலவு போக 12,000. அடுத்தது தேய்மானம். வருமான வரிச் சட்டமே கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானத்தை ஏற்கிறது. நாம் தாராளமாக நான்கு ஆண்டு என்று வைத்து 2,70,000 ரூபாயை 48 மாதங்களுக்குப் பிரித்தாலும் மாதம் 5,625. முதலுக்கு 12 சதவீத வட்டி 3,500. கடைசியில் மிஞ்சுவது 2,875. உதவியாளுக்கு 9,000 கொடுக்கும் முதலாளி, காலை முதல் இரவுவரை உட்கார்ந்து தானே எடுத்துக்கொள்ளும் சம்பளம் அவ்வளவுதான்.

"சீசனில் வரிசை நிற்கிறதே" என்பார்கள். நிற்கிறது. 2022 குரூப் 4 தேர்வுக்கு மட்டும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஆனால் குரூப் 4 அறிவிப்பு மாதாமாதம் வருவதில்லை. வாடகை மாதாமாதம் வருகிறது. சீசன் கூட்டத்தை வைத்து வருடத்தைக் கணக்கிடுவது பொறுப்பற்ற செயல். "இ-சேவை ஐடி இருந்தால் போதும்" என்பது அடுத்த வாதம். 'அனைவருக்கும் இ-சேவை' திட்டத்தில் ஐடி வாங்க கிராமத்தில் 3,000, நகரத்தில் 6,000 ரூபாய் கட்டணம். சாதி, வருமானச் சான்றுக்கு வாங்கக்கூடியது 60 ரூபாய். அதுவும் முழுதாகக் கடைக்கு வராது. ஐடி ஆளை வரவழைக்கும், உண்மை. வந்த ஆளின் மனு நிராகரிக்கப்பட்டால் அவர் திரும்பி வந்து கேட்பதும் கடைக்காரரைத்தான். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. செல்போனால் தொழில் செத்துவிட்டது என்பது பாதி உண்மை: 2016-இல் ஜியோ வந்தபின் மணிக்கணக்கில் பிரவுசிங் செய்பவர்கள் போய்விட்டார்கள், ஃபாரம் நிரப்புவதும் பிரிண்டும் போகவில்லை. ஆகவே கம்ப்யூட்டர் கூடக்கூட வருமானம் கூடும் என்பதும் தவறு. இரண்டு கம்ப்யூட்டரோடு, ஆள் வைக்காமல் சொந்த உழைப்பில் அதே வேலையை முடிக்க முடிந்தால், மேலே சொன்ன 2,875 ரூபாய் 13,725 ஆகும். விதிமுறை எதுவும் கிடையாது என்பது சுத்தப் பொய். 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி பதிவு வேண்டும், வருபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும், இருக்கைகளுக்கு இடையே உள்ள தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது.

கடை திறக்காதீர்கள் என்பது என் வாதம் அல்ல. கணக்கு நோட்டு இல்லாமல் திறக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே இரண்டு பத்தி போடுங்கள்: ஒன்றில் பிறருக்காகக் கட்டிய பணம், மற்றதில் உங்கள் கூலி. இன்னொன்றையும் வற்புறுத்துவேன். அரசுக் கட்டணம் இவ்வளவு, சேவைக் கட்டணம் இவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். விலைப் பட்டியலை வாசலில் மாட்டுங்கள். 60 ரூபாய்ச் சான்றுக்கு 200 பிடுங்கினால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலையில் ஒரு கடை இருந்தால், அதன் கணக்கு முதல் நாளே தப்பாகப் போடப்பட்டிருக்கிறது. அந்தத் தப்புக்கு முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட வரும் பாட்டி ஏன் பணம் கட்ட வேண்டும்?