திடீர் வயிற்றுவலியும் அதன் காரணங்களும்

சடுதியாக வரும் வயிற்றுவலி எல்லாம் வாய்வு அல்ல. தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணித்தியாலங்களில் வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வலது விலாவின் கீழ் தோன்றித் தோள்பட்டை வரை செல்வது பித்தப்பைக் கல்லினாலும், முதுகின் பக்கத்திலிருந்து தொடையிடுக்குக்கு இறங்குவது சிறுநீரகக் கல்லினாலும் ஏற்படுவதுண்டு. குத்தியது போன்ற வலியுடன் வயிறு பலகைபோல் இறுகினால் இரைப்பைப்புண் துளைவிட்டிருக்கக்கூடும். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிறு வலித்து மயக்கம் வந்தால், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு காரணமாகலாம். நீரிழிவு உள்ளவருக்கு மேல்வயிற்று வலியே மாரடைப்பின் அறிகுறியாகவும் அமையலாம்.

இவ்வேளைகளில் பேதிமருந்து கொடுப்பதும், விடியட்டும் என்று காத்திருப்பதும் உயிராபத்தானவை. உணவு எதுவும் கொடாமல், 1990 இலவச அம்புலன்ஸை உடன் அழைத்தல் வேண்டும். நேர்த்தியை, நோயாளி வைத்தியசாலைக்குப் புறப்பட்ட பின்னரும் வைக்கலாம்.